மலைக்குத் திரும்பிய மிலாறு

மே 12, செவ்வாய்
மேல்மலையில் கவ்வாத்து முடிந்தது. வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை, அந்த மிலாறை, எங்கள் லயத்து வரிசைவீடுகளே முண்டியடித்து அள்ளின. நானும் முதுகு ஒடியச் சுமந்தேன். மழைக்காலத்து அடுப்புக்கு இனிக் கவலையில்லை.

மே 13
இந்த மனுசனை என்ன செய்வது! மலையில் தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போன என் வீட்டுக்காரர் நிரோஷன், ஜாக்கெட்டுக்குள் சிறுத்தைக் குட்டியோடு வந்து நிற்கிறார்.
"கானுக்குள்ள தனியா கெடந்துச்சு. தாய் செத்திருக்கும், பாவம்."
பாவமாம்! உயிரோடு இருந்தால்? நம் மகள் கேஷிகா அந்த மலை வழியாகத்தானே பள்ளிக்கூடம் போகிறாள்?

மே 14
தாய் இருக்கிறது. விடியும்போது லயத்துக்குப் பின்னால் வாளால் மரம் அறுக்கிற மாதிரிச் சத்தம். நாய்கள்கூட வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை அனுப்பவில்லை. ஆம்பளைங்க கம்பிச் சுருக்கு வைக்கப் பேசுகிறார்கள். ஐயோ, எல்லாம் எங்களால் வந்த வினை.
வனஜீவி ஆபீசுக்குப் போன் போட்டு, தெரிந்த சிங்களத்தில் உளறினேன். வந்தவர் சொன்னார்: எடுத்த இடத்திலேயே வையுங்கள், தாய் வந்து தூக்கும். சுருக்கு வைத்தால் கேஸ். இந்த மலைகளில் சிறுத்தை மிஞ்சியிருப்பதே கொஞ்சம்.

மே 15
நேற்றே குட்டியைக் கானில் கொண்டுபோய் வைத்தோம். தாய் வரவில்லை. குட்டிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கம்மிவிட்டது. மேட்டிலிருந்து பார்த்தேன் — மலை மொட்டையாகக் கிடக்கிறது. எப்படி வரும்? அது கானுக்குள் மிலாறு மறைவில் ஒளித்து வைத்த குட்டி. அந்த மிலாறு எங்கள் அடுப்படியில்!
என் மிலாறுக் கட்டைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன். பக்கத்துக் காம்பிரா பேச்சியம்மாக்கா கத்தினார்:
"ஒனக்குக் கிறுக்கா சர்மிளா? மழைக்கு எத எரிப்ப?"
"எம்புள்ள அந்த வழியாப் போகணும்க்கா! தாய் குட்டியத் தேடி அலைஞ்சா நம்மளால கொழுந்து எடுக்க முடியுமா?" அழுதேவிட்டேன்.
அவர் முனகினார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், தலையில் கட்டோடு எனக்கு முன்னால் நடக்கிறார். பிறகு மற்றவர்களும். குட்டியைச் சுற்றியும், அங்கிருந்து காட்டோரம் வரைக்கும் பரப்பினோம்.

மே 16
சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. யாராவது சுருக்கு வைத்துவிட்டார்களோ?

மே 17
வனஜீவிக்காரர் போய்ப் பார்த்தார். குட்டி இல்லை! ஈர மண்ணில் பெரிய தடம், காட்டைப் பார்த்துப் போகிறது. நிரோஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் 3, புதன்
மழை பிடித்துவிட்டது. கேஷிகாவை மேடு வரை நானே கொண்டுபோய் விடுகிறேன். எங்கள் அடுப்பில் ஈர விறகு, காம்பிரா முழுக்கப் புகை.
"மிலாறத் திருப்பித் தூக்கிட்டு வந்துருவமாக்கா?" என்று கேட்டேன்.
பேச்சியம்மாக்கா இருமிக்கொண்டே அடுப்பை ஊதினார். "கெடக்கட்டும்டி. அடுத்த குட்டி போட்டா எங்க வைக்கும்?"