கரீபியன் கரையில் பாண் ஓட்டோ

ஞாயிறு இரவு, உருத்திரபுரம்.

தங்கச்சிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளைக்கு உல்லாசக் கப்பலில் வேலை. கலியாணத்துக்கு நாள் வைக்க அம்மா நாளை ஐயரிடம் போகிறார்.

இன்று பின்னேரம் மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். "கரீபியன் தீவொண்டில இறங்கியிருக்கிறம். முழுநாளும் கடற்கரையில ஓய்வுதான்" என்றார். பின்னால் வெள்ளை மணல், தென்னை. திடீரென்று எங்கள் ஒழுங்கையில் பேக்கரிப் பாண் விற்க வரும் ஓட்டோவின் அதே பாட்டுக் கேட்டது. போனின் சத்தத்தைக் குறைத்தேன். பாட்டும் குறைந்தது.

"கமராவைத் திருப்புங்கோ, கப்பலைப் பாப்பம்."

"சிக்னல் சரியில்லை மச்சான்." வெட்டிவிட்டார்.

"பொலிஸ்காரன் மாதிரிக் கேக்கிறியள்" என்று தங்கச்சி சீறினாள். பிறகு குசினிக்குள் வந்து மெல்லக் கேட்டாள்: "அண்ணா, அந்தத் தீவிலயும் பாண் ஓட்டோ ஓடுமோ?"

"ஓடும் போல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? விடிய எழும்பி முதலில் அம்மாவை மறிக்க வேண்டும்.