சும்மா நின்ற கப்பல்

பட்டுக்குட்டி,

ஊரெல்லாம் வியாபாரம் படுத்து, எண்ணெய் வாங்க ஆளில்லாமல் உன் கப்பலைக் காலியாக நிறுத்திவிட்டார்கள் என்றதும் நான் நிம்மதியானேன். நிற்கிற கப்பலுக்கு என்ன ஆபத்து?

"கப்பலே சும்மா நிக்குது, நான் என்னம்மா பண்றது?" என்று போனில் சிரித்தாய்.

"சும்மா இருக்கறவனைத்தான்டா முதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க. எந்த வேலைன்னாலும் முந்திக்கோ" என்று நான்தான் சொன்னேன்.

இன்று கம்பெனிக்காரர் வந்தார். துரு சுரண்ட, காலி எண்ணெய்த் தொட்டிக்குள் நீதான் முதலில் இறங்கினாயாம். பல நாள் மூடியே கிடந்ததில், உள்ளே காற்றில் இருந்த பிராணவாயுவைத் துருவே தின்றுவிட்டதாம். மூச்சு முட்டிப் போய்விட்டாயாம்.

"துரு காத்தைத் திங்குமா?" என்று மூன்று தடவை கேட்டேன். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

என் பேச்சை ஒருநாளும் கேட்காதவன் நீ. அன்றைக்கு மட்டும் ஏன்டா கேட்டாய்?

உன் அம்மா