ஈட்டி போய்க் குடை வந்த கட்டில்

மழை பொய்யாத வேங்கைமலை நாடாளும் இளவேல் மன்னரின் திருவுளப்படி, முதலமைச்சர் காரிநம்பி, கடலாற்று நாட்டு அரண்மனையில் நம் தூதராய் விளங்கும் அம்பலத்தரையர்க்கு விடுக்கும் ஓலை. தாங்கள் உறையும் அந்நாட்டின் கழனியும் கலமும் பொலிக.

இளவரசி கயற்கொடியாரின் சீதனக் கட்டில் பன்னிரண்டு நாள் தாமதமாய் வருவதன் காரணம் அறிக.

பழமையான அக்கருங்காலிக் கட்டிலின் தலைமாட்டில் யானைத்தந்தச் சில்லுகளால் பதித்த போர்க்காட்சி ஒன்று உண்டு. அதில் மணமகனான அந்நாட்டு இளவரசரின் பாட்டனார் முதுகு காட்டி ஓடுகிறார். நம் மன்னரின் பாட்டனார் ஈட்டியோடு துரத்துகிறார். இதுகாறும் நமக்கு இனித்த காட்சி. சம்பந்தி வீட்டுக்கு ஆகாது.

ஓடுபவரை எதிர்முகமாய்த் திருப்புமாறு பதிப்புவேலை செய்யும் வடிவுடையாளைப் பணித்தோம். திருப்பினால் மரத்தில் வெட்டிய பழைய பள்ளம் வாய்பிளந்து நிற்கும் என்று அவள் விண்ணப்பித்தாள். யாம் செவிகொடுக்கவில்லை. அவளோ அப்போரில் பாட்டனை இழந்த குடும்பத்தவள். இக்கட்டிலால் மற்றொரு போர் மூளுமோ என்று மூன்று நாள் வேலை ஓடாமல் அதன்முன் அமர்ந்திருந்தாளாம். நான்காம் நாள் ஈட்டியை மட்டும் பெயர்த்தாள். அதே பள்ளத்தில் குடைக்காம்பைப் பதித்து, மேலே வெண்குடை விரித்தாள். இப்போது நம் பாட்டனார், முன்னே செல்லும் அவர்கள் பாட்டனார்க்கு ஓடோடிக் குடை பிடிக்கிறார்.

மன்னர் கண்டார். தம் பாட்டனார் அவர்களுக்குக் குடையேந்தியோ என்று சினந்தார். பின்னர் அவள் வலக்கையை வெட்டுமாறு பணித்தார்.

வடிவுடையாள் உளியைத் துடைத்து வைத்தாள். அவள் சொன்னது, "பசை இன்னும் காயலை சாமி. குடையை யாரும் தொட்டுடாதீங்க" என்பது மட்டுமே.

இளவரசியார் எழுந்தார். "அந்தக் கட்டில்ல படுக்கப் போறவ நான்தானே அப்பா? துரத்துற பாட்டனாரைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு, அந்த வீட்டுல எனக்கு எப்படி உறக்கம் வரும்?"

மன்னர் மீண்டும் நோக்கினார். குடையைத் தொட நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். தண்டனை நீங்கியது.

ஆகவே தங்களுக்குக் கட்டளை: வடிவுடையாள் கட்டிலோடு வருகிறாள், கடற்காற்றில் சில்லுகள் எழும்பாதவாறு பார்த்துக்கொள்ள மூன்று திங்கள் தங்குவாள், அவளுக்கு நல்ல இருப்பிடமும் உரிய மரியாதையும் அளிக்க. குடை பிடிப்பவர் ஏவலாளரோ என்று சம்பந்தியார் வினவினால் மழுப்ப வேண்டா. பெண்ணின் முப்பாட்டனார் என்றே உரைக்க. மன்னர் இதை இருமுறை சொல்லி எழுதுவித்தார்.

இவ்வண்ணம் வேங்கை முத்திரை வைத்தோம், மாற்றமில்லை.