ஐந்தில் ஒரு பங்கு

பலேர்மோ,
யூன் 14

அன்பு மகள் அனிற்றாவுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் பன்னிரண்டு நாளாகப் போனை எடுக்காத பிள்ளை சுகமோ இல்லையோ என்று எனக்கு எப்படித் தெரியும்? வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகுது, பிள்ளை சுகமாகத்தான் இருக்கிறாள் என்கிறார் அப்பா. பெற்ற வயிற்றுக்கு நீலக் கோடு காணுமோ? போனென்றால் வெட்டி விடுவாய். கடிதத்தைக் கிழித்தாலும் ஒருக்கா வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும், அதுதான் எழுதுகிறேன். முதலே சொல்லிவிடுகிறேன், நான் நல்ல ஆத்திரத்தில் இருக்கிறேன், ஆனால் உன்னோடு இல்லை.

நீ அன்றைக்கு அழுதழுது சொன்னதை நான் பாதிக் காதில்தான் வாங்கினேன். சவாரிக்கு வந்த ஒரு மனுசன், நூற்றிப்பத்துக் கிலோவுக்குக் குறையாத ஆள், உன் குதிரை தாப்னியில்தான் ஏறுவேன் என்று நின்றதையும், நீ வரிசையில் நின்ற எல்லாருக்கும் முன்னால் எத்தனை கிலோ என்று கேட்டு வாசல் தராசைக் காட்டியதையும், அவர் போய் இன்ரநெற்றில் உன்னைத் தாறுமாறாக எழுதியதையும், உன் முதலாளி ஸ்ரவ்றூலா அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுது, இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேலையில்லை என்று சொன்னதையும் ஒன்றொன்றாகச் சொன்னாய். எனக்குக் காதில் விழுந்தது வேலையில்லை என்ற ஒரு சொல்தான். நீ போனை வைத்த கையோடு அவசரத்துக்கென்று தந்திருந்த நம்பரை எடுத்து அந்த மனுசிக்கு அடித்தேன். கிரேக்கத்தி என்றாலும் பொலோஞ்ஞாவில் படித்தவ, என்னை விட வடிவாக இத்தாலியன் கதைக்கிறா. பிள்ளை தெரியாமல் கதைத்துப்போட்டாள், அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று மூன்று தரம் ஸ்கூசி சொன்னேன். இருபத்தெட்டு வயதுக்காரி உனக்குப் பிள்ளையோ, இதுக்குள்ளை ஏன் நீ தலையைப் போடுறாய் என்று அப்பா பக்கத்தில் இருந்து கேட்டார், நான் கையைக் காட்டி அடக்கிவிட்டேன். அவ தேனாகக் கதைத்தா. அடுத்த நாள் காலமை லாயத்தில் எல்லாருக்கும் முன்னால் உன் தாயே நீ செய்தது பிழையென்று சொல்லிவிட்டா என்று உன் முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாவென்று நீ வட்ஸ்அப்பில் எழுதினாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது ஒரேயொரு வரி. அம்மா, இனி எனக்காக ஒருத்தரிட்டையும் கதைக்காதேங்கோ.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். இங்கே எங்கட ஆட்கள் எல்லாரும் செய்கிறதுதான், பிள்ளைக்கோ புருசனுக்கோ வேலையில் ஒன்றென்றால் வீட்டிலிருந்து ஒருத்தர் போய் முதலாளிக்கு முன்னால் நிற்கிறது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் பிரச்சினை வந்தபோதும் நான்தான் போய் நின்றேன். இந்த நாட்டில் நான் படித்த முதல் சொல்லே ஸ்கூசிதான். உடைத்த கோப்பைக்கும் சொன்னேன், உடைக்காத கோப்பைக்கும் சொன்னேன், கொஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்கு வரிசையில் நிற்கும்போது என் காலை மிதித்தவனுக்கும் சொன்னேன். பழகின வாய் உனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது.

நீ போனை எடுக்காத இந்த நாட்களில்தான், நான் பராமரிக்கிற கிழவி சிஞ்ஞோரா மத்தியானம் கண்ணயர்கிற நேரம் பார்த்து, உங்கட லாயத்தின் இன்ரநெற் பக்கத்தைப் போனில் திறந்தேன். இத்தாலியில் இருந்து வருகிறவர்களுக்கென்று நீ எழுதியது, வாசியுங்கோ அம்மா என்று நாலு வருசமாகச் சொன்னாய், நான் பிறகு பிறகு என்று விட்டேன், அது என் பிழை. மூன்று மத்தியானம் எடுத்து ஒரு சொல் விடாமல் வாசித்தேன். அந்தக் காலத்துக் கிரேக்கர் பிள்ளைகளின் பெயரிலேயே குதிரையை வைத்தார்களாம், பிலிப் என்றால் குதிரையை நேசிக்கிறவன் என்று எழுதியிருக்கிறாய், எங்கட கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற பிலிப்பு அண்ணைக்குச் சொன்னேன், அந்த மனுசன் நாயைக் கண்டாலே சந்து மாறிப் போகிறவர், விழுந்து விழுந்து சிரித்தார். குதிரை வைத்திருக்கிறது பணக்காரருக்கு மட்டும் முடிந்த காரியமென்றும், ஏழைகளின் குதிரை களத்தில் சுற்றிச் சுற்றிக் கதிர் மிதித்ததென்றும், மலைப்பாதையில் ஒலிவ் மூட்டையும் விறகும் சுமந்ததென்றும், ரோட்டும் லொறியும் வந்ததும் வேலையில்லாமல் போனதென்றும், இன்றைக்கும் சில ஊர்களில் ஜோர்ஜியார் திருநாளுக்குக் குதிரை ஓட்டம் இருக்கிறதென்றும் எழுதியிருக்கிறாய். உங்கட பெலியோன் மலையில்தான் இடுப்புக்கு மேலே மனுசனும் கீழே குதிரையுமான பிறவிகள் இருந்ததாகக் கதையாம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் விதி. ஒரு குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது, சேணமும் அதற்குள் அடக்கம், ஏறுகிறவர்கள் தயவுசெய்து தராசில் நிற்கவும்.

அதை வாசித்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்த விதியை எழுதச் சொன்னது ஆர்? தராசை வாங்கி வாசலில் வைத்தது ஆர்? எல்லாம் அந்த மனுசிதானே! ஊருக்குக் காட்ட ஒரு விதி, காசுக்காரன் வந்தால் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, விதிப்படி நின்ற பிள்ளையை மன்னிப்புக் கேள் என்கிறதோ? உபதேசம் ஊருக்கு! அந்த ஆளுக்கும் என்ன வெட்கம், தராசில் நிற்க வெட்கம், பதினேழு வயதுக் குதிரையின் முதுகில் குந்த வெட்கமில்லை.

பிறகு கணக்குப் பார்த்தேன். தாப்னி நானூறு கிலோ, ஐந்தில் ஒன்று எண்பது, சேணத்தைக் கழித்தால் எழுபது சொச்சம். அதே கையோடு என்னையும் கணக்குப் பார்த்தேன் அனிற்றா. நான் ஐம்பத்தெட்டுக் கிலோ, ஐந்தில் ஒன்று பன்னிரண்டு கூட வரவில்லை. சிஞ்ஞோரா எண்பத்துநாலு கிலோ. கட்டிலில் இருந்து கதிரைக்கு, கதிரையில் இருந்து கழிப்பறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு, ஒன்பது வருசம். இடுப்புக்குப் பட்டி கட்டிக்கொண்டுதான் போகிறேன், டொக்டர் என்ன சொன்னவர் என்று உனக்குத் தெரியும். இவ்வளவு காலத்தில் ஒருத்தராவது நீ எவ்வளவு தூக்குவாய் என்று என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கதையில் வருகிறவர்கள் பாதிதான் குதிரை, நான் முழுசும். மாசிமோ தியேட்டருக்கு முன்னால் நிற்கிற வண்டிக் குதிரைகளைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இப்போது வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணாமல் தாண்ட முடியவில்லை. நேற்று ஆறு பேர், வெயிலோ சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை ஸ்ரவ்றூலாவுக்குத் திரும்பவும் போன் பண்ணினேன். கதைக்காதே என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனால் இது உனக்காகக் கதைத்ததில்லை, நான் கதைத்ததைத் திருப்பி எடுக்கப் போனது. அன்றைக்கு நான் கேட்ட மன்னிப்பு என் மகளுடையதில்லை, அதைக் கொடுக்க எனக்கு உரிமையும் இல்லை, அதை நீங்கள் வைத்திருக்க வேண்டாம் என்றேன். சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவ கேட்டா. நீங்கள் எழுதின விதியைத் திருப்பி எடுக்கிறீர்களே, அதுபோலத்தான் என்றேன். அவ போனை வைத்துவிட்டா. இந்தமுறை ஒரு ஸ்கூசிகூட நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் சிஞ்ஞோராவின் மகன், அந்தச் சட்டத்தரணி அவொக்காத்தோ, வந்தார். பகேரியாவில் இருக்கிற தாய்மாமனுக்குப் பாரிசவாதமாம், அவரையும் இங்கேயே கொண்டுவந்து அடுத்த அறையில் கிடத்தப் போகிறோம், நீங்கள்தான் பார்க்க வேண்டும், எங்கட குடும்பத்தில் ஒருத்திதானே நீங்கள் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். வழக்கமாக ஓமென்று தலையாட்டுகிறவள். அன்றைக்கு நிமிர்ந்து நின்று, அவர் எத்தனை கிலோ என்று கேட்டேன். பகிடியென்று நினைத்தார். திரும்பவும் கேட்டேன். தொண்ணூறு இருக்கும் என்றார். அப்படியென்றால் இன்னொரு ஆளும் தூக்குகிற இயந்திரமும் வேண்டும், என்னால் ஏலாது என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான், இன்னும் ஒரு கதையும் இல்லை. வேலை போனாலும் போகும். அப்பா சாப்பிட்டு முடிந்ததும் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு, இந்தக் கேள்வியை நீ முப்பது வருசத்துக்கு முதல் கேட்டிருக்க வேணும் என்றார்.

ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்ட எனக்கு, கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் இவ்வளவு நாள் பிடித்தது. மகளே, என்னை மன்னித்துக்கொள். நீ செய்தது சரி. அந்தக் கடிதத்தை எழுதாதே. வேலை போனால் வா, வீடு இருக்கிறது, அதற்காகப் பயந்து எழுதாதே. அங்கேயே இருக்கிறதென்றால் தலை நிமிர்ந்து இரு. வெயிலில் தொப்பி போடு, குதிரைக்குத் தண்ணி வைக்கிற நேரம் நீயும் குடி. தேவதாயார் உன்னையும் தாப்னியையும் காக்கட்டும், உன் கை தொட்ட காரியம் எல்லாம் நன்மையாய் முடியட்டும்.

ஓகஸ்ற்றில் எனக்கு லீவு வரும், வேலை போனால் அதற்கு முதலே வரும். உன்னிடம் வருகிறேன். நீ ஒன்றும் கேட்கத் தேவையில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நானாகவே தராசில் ஏறி நிற்பேன்.

உன் அன்பு அம்மா,
அற்புதமலர் ஏர்னஸ்ற்