அளக்காத வலப்பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் உன் குரலைக் கேட்டதுமே அழுதுவிடுவேன். அதனால்தான் இந்த மின்னஞ்சல். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பழைய நாடக அரங்கத்தை நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, மறுபடி திறக்கிறார்கள். நான் ஆய்வு செய்து, புத்தகம் போட்டு, பாதுகாப்புப் பட்டியலில் ஏற்றிய அதே அரங்கம். வெறும் கட்டடக் கலைஞராக இருந்த என்னைக் கலாசாரத் துறை ஆலோசகராக்கியதும் அந்தப் புத்தகம்தான். பழைய கட்டடங்களில் பின்னால் ஒட்டவைத்ததையெல்லாம் நீக்கவேண்டும் என்ற விதியை எழுதியவளும் நானே. அந்த விதிப்படி, வலப்பக்கப் பால்கனிக்குக் கீழே இருந்த செங்கல் சுவரைப் போன மாதம் இடித்தார்கள். அது பின்னால் கட்டியது, பாரம் தாங்கவில்லை என்று என் புத்தகத்தில் இருக்கிறது. இடிக்கச் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

திங்கட்கிழமை வயரிங் வேலைக்காகப் பால்கனியின் அடிப்பலகையைக் கழற்றிய எலெக்ட்ரீஷியன் என்னைக் கூப்பிட்டார். "மேடம், இந்த உத்திரம் பாதியிலயே நிக்குதே, அந்தப் பக்கம் முழுசா ஓடுதே" என்றார். ஏணியில் ஏறிப் பார்த்தேன். யாரோ எந்தக் காலத்திலோ உத்திரத்தை வெட்டி, அதன் முனையைத் தாங்கத்தான் அந்தச் சுவரைக் கட்டியிருக்கிறார்கள். இப்போது கீழே ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பால்கனிமேல் நூற்றைம்பது பள்ளிப் பிள்ளைகள் நின்று பாடப்போகிறார்கள்.

உடனே துறைச் செயலாளரிடம் ஓடினேன். விழாவைத் தள்ளிவையுங்கள், இல்லாவிட்டால் நாலு மரத்தூணாவது முட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "விருந்தாளிங்க உட்கார்ற இடத்துல முட்டா? நல்லா இருக்குமா மேடம்?" என்று கேட்டார். பிறகு, "உங்க புத்தகத்துலயே ரெண்டு பக்கமும் அளந்து வரைஞ்சிருக்கீங்க. இன்ஜினியரும் அத வெச்சுத்தான் சரின்னு எழுதியிருக்கார். நான் உங்கள நம்புறதா, உங்க புத்தகத்த நம்புறதா?" என்றார். மறுநாளே பலகையை மூடிப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். எலெக்ட்ரீஷியன் என் போனை எடுப்பதில்லை. அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே.

அக்கா, அந்த வரைபடத்தில் இடப்பக்கம் மட்டும்தான் அளந்தது. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் நீ. உனக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஏணியில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டாய். "ரெண்டு பக்கமும் ஒண்ணுதானேடி, அப்படியே திருப்பிப் போட்டு வரைஞ்சுடு" என்றாய். உன் மேல் தப்பில்லை. நீ கணக்கு டீச்சர், கட்டடம் படித்தவள் நான். மறுநாள் தனியாகப் போய் அளந்திருக்கலாம். சோம்பேறித்தனம். திருப்பிப் போட்டு வரைந்துவிட்டு, 'நேரில் அளந்தது' என்று அடியில் எழுதினேன். இருபத்தாறு வருஷமாக அதை வைத்தே விருது வாங்கினேன், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தேன்.

நான் அளக்கவில்லை என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலைப் பளுவில் எனக்கு ஏதோ குழப்பம் என்கிறார்கள். இதைப் பற்றி முடிவெடுக்க நாளை காலை பத்து மணிக்குத் துறைக் குழு கூடுகிறது. என்னோடு அளந்தவள் என்று புத்தக முன்னுரையில் உன் பெயர் இருப்பதால் உனக்குப் போன் போடுவார்கள். செயலாளர் தேனொழுகப் பேசுவார். தங்கச்சி மானம் போகாம இருக்கணும்னா அளந்ததா சொல்லுங்க என்பார்.

உன்னை எனக்குத் தெரியும். அப்பாவிடம் எனக்காக எத்தனை பொய் சொல்லியிருக்கிறாய்! என் பழியையெல்லாம் உன் தலையில் போட்டுக்கொண்டவள் நீ. அதுதான் எனக்குப் பெரிய பயம். பால்கனியைவிட உன் பாசத்துக்குப் பயப்படுகிறேன்.

வலப்பக்கம் அளக்கவே இல்லை என்று சொல். எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல். என் வேலை போகும், புத்தகம் குப்பைக்குப் போகும், போகட்டும். பிள்ளைகள் பத்திரமாக வீட்டுக்குப் போகவேண்டும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நாளைக்கு மட்டும் என்னைக் காப்பாற்றாதே அக்கா.

உன் பதிலுக்குக் கண் மூடாமல் காத்திருக்கும்,
தங்கச்சி