கலையாத பொட்டு

நாள் 212 — 06:10

நிலவின் தென்முனை, இரண்டாம் சுரங்கம். பதிவு செய்பவள் ஜெசிந்தா, ஹைட்ராலிக் மெக்கானிக். முதல் ஷிப்டில் எக்ஸ்கவேட்டர் ஓட்டுவதும் நானே. நான் வாய்விட்டுச் சொல்வதைக் கருவி எழுத்தாக்கிக்கொள்கிறது. இதை யார் படிப்பார்கள் என்று தெரியாது. விதி எழுதச் சொல்கிறது, எழுதுகிறேன்.

ஒன்றாம் எக்ஸ்கவேட்டர்: எண்ணெய்ச் சூடு சரி. எண்ணெய் ஓடும் ஹோஸ்களில் கசிவு இல்லை. பூம் ரிலீஃப் வால்வு திறக்கும் அழுத்தம் 350 பார். பொட்டு கலையவில்லை.

பொட்டு என்றதும் சிரிக்க வேண்டாம். அந்த வால்வின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. இறுக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், வால்வு திறக்கும் அழுத்தமும் ஏறும். யாரும் அதைத் தொடவில்லை என்று தெரிந்துகொள்ள, நட்டுக்கும் வால்வின் உடலுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போடுவது எங்கள் தொழில் வழக்கம். பெயிண்ட் டப்பா இங்கே வந்த வாரமே உறைந்து வெடித்தது. ஆயுத பூஜைக்கு இசக்கிராஜா கொண்டுவந்திருந்த குங்குமத்தைக் கிரீஸில் குழைத்து, கோட்டுக்குப் பதில் பொட்டு வைத்தேன். திருகு நகர்ந்தால் பொட்டு பிளந்துவிடும். ஞாயிறு பூசைக்குப் போகிறவள் இயந்திரத்துக்குக் குங்குமம் வைக்கிறாளே என்று இசக்கி கேலி செய்தான். வைத்தது சாமிக்கு இல்லை, உங்களை நம்பாமல் என்றேன்.

மேலே வெயிலில் நிற்கும் இரண்டாம் எக்ஸ்கவேட்டரிலும் ஒரு பொட்டு உண்டு. போன மாதம் பார்த்தபோது வெளுத்துக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. பிளக்கவில்லை.

ஆட்கள் மூவர். ஒன்றாம் வண்டியின் இரண்டாம் ஷிப்ட் இசக்கிக்கு. மஸ்தான் பாய் இரண்டாம் வண்டியோடு மேலே. போன வாரம் அவருக்குக் காய்ச்சல், அதனால் இசக்கிதான் அதையும் ஓட்டினான். இன்று அவன் அளவை வண்டியில் சுரங்கத்தின் கடைசிவரை போயிருக்கிறான். திரும்பும் நேரம் பத்து மணி.

நாள் 212 — 09:50

கூரை இறங்கிவிட்டது. இசக்கி திரும்பும் வழியில், என் கண்ணெதிரே. வீட்டின் அளவு இருக்கும் ஒரே பாறை. ஒரு முனை இடது சுவரில் தொற்றிக்கொண்டது. மறுமுனை அவன் வண்டிமேல் விழ வந்தது. எக்ஸ்கவேட்டரின் நீண்ட கையான பூமைத் தூக்கிப் பக்கெட்டால் தாங்கிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. கை செய்தது.

இப்போது பாறைக்கும் வண்டிக்கூரைக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி. வண்டியின் சக்கரங்கள் கற்களில் புதைந்திருக்கின்றன.

இசக்கி: "அக்கா, கேபினுக்கு ஒண்ணும் ஆகல. காத்து இருக்கு. கதவுதான் தொறக்க மாட்டேங்கு. மேல என்னத்த பிடிச்சிட்டு நிக்கிய?"

நான்: "உன் தலையெழுத்தப் புடிச்சிட்டு நிக்கிறேன். அசையாம இரு."

மஸ்தான் பாய்: "ஜெசி, நான் வண்டிய எடுத்துட்டேன். பள்ளத்துல எறங்கி வரணும், சாயங்காலம் ஆயிடும். புடிச்சுக்கம்மா."

நாள் 212 — 11:25

படிக்கிறவருக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இனி வருவது புரியாது.

பாறையின் எடை பூமை அழுத்துகிறது. பூமின் சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய்தான் அந்த எடையைத் தாங்குகிறது. எடை கூடினால் எண்ணெயின் அழுத்தம் கூடும். 350 பாரைத் தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்து கொஞ்சம் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும். அழுத்தம் இறங்கியதும் மூடிக்கொள்ளும். குக்கர் விசில் செய்யும் வேலைதான். திறக்கும் ஒவ்வொரு முறையும் பூம் சற்றுத் தாழும். தாழட்டும், இரண்டு முழம் கையிருப்பில் இருக்கிறது. அந்த வால்வு பலவீனம் இல்லை. உடையாமல் விட்டுக்கொடுக்கத் தெரிந்த ஒரே உறுப்பு அதுதான்.

ஓட்டுநர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. பாறையை நெம்பும்போது பூம் தழைந்தால் வால்வைத்தான் திட்டுவார்கள்.

நாள் 212 — 13:02

நில அதிர்வு. இங்கே காற்று இல்லை, சத்தம் கேட்காது. இருக்கை வழியே முதுகெலும்பில்தான் தெரிந்தது. அழுத்தம் காட்டும் கேஜ் முள் 390க்குப் போய் இறங்கியது.

பூம் ஒரு விரற்கடைகூடத் தாழவில்லை. சபாஷ் என்று சொல்லிவிட்டேன்.

நாள் 212 — 13:06

390.

350இல் வால்வு திறந்திருக்க வேண்டும். பூம் தாழ்ந்திருக்க வேண்டும். தாழவில்லை.

காலையில்தான் பார்த்தேன். பொட்டு முழுசாக இருந்தது.

நாள் 212 — 13:20

நான்: "இசக்கி. பூம் வால்வ தொட்டியா? மறைக்காம சொல்லு."

இசக்கி: "கால்வாசி திருகுதான்க்கா. பாறை நெம்புறப்ப தழைஞ்சு தழைஞ்சு வருது, தோண்டுற மீட்டரே ஏற மாட்டேங்கு. நீங்களும் போர்டுல என் பேருக்கு நேரா ஆமைன்னு எழுதிப் போட்டிய."

நான்: "பொட்டு பொளக்கலையே."

இசக்கி: "புதுசா வச்சிருவேன்லா. என் குங்குமம்தான."

நான்: "வச்சிருவேன்னா? எத்தன தடவ?"



இசக்கி: "எண்ணலக்கா. ஒவ்வொரு தடவையும் கால்தான். பழைய பொட்டு மேலயே வச்சிருக்கேன், சொரண்டிப் பாருங்க. ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும்."

திட்ட வாய் வந்தது. அவன் தலைக்குமேல் தொங்கும் பாறையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

நாள் 212 — 14:35

வெளியே போய் வந்தேன். கத்திமுனையால் பொட்டைச் சுரண்டினேன். வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக வந்தது. என் பொட்டுக்கு மேல் ஐந்து. ஐந்து கால், ஒன்றேகால் திருகு. அவ்வளவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். கைப்பம்பு இருந்தால் எண்ணெயை அழுத்தி, எத்தனை பாரில் வால்வு திறக்கிறது என்று பார்த்துச் சரியாக நிறுத்தியிருப்பேன். அது தளத்தில் கிடக்கிறது. எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டும்.

நாள் 212 — 15:11

இன்னொரு அதிர்வு. 350. வால்வு திறந்தது. பூம் நான்கு விரற்கடை தாழ்ந்து நின்றது. அழுதுவிட்டேன். தலைக்கவசத்துக்குள் மூக்கைத் துடைக்க வழி இல்லை.

இசக்கி: "அக்கா, எறங்குது, எறங்குது."

நான்: "எறங்கணும்டா. எறங்கினாத்தான் நிக்கும்."

நாள் 212 — 16:48

ஹோஸ் போய்விட்டது.

அதிர்வுகூட இல்லை. முள் 310இல் சும்மா நின்றது. வால்வை நான் சரி செய்துவிட்டேன். ஆனால் மாதக்கணக்கில் 400க்கு மேல் தாங்கிய ஹோஸ் உள்ளுக்குள்ளேயே அறுந்துகொண்டு இருந்திருக்கிறது. குளிரில் ரப்பர் விறைத்தும் போயிருக்கிறது. எண்ணெய் கருந்தூளாகச் சுவரெங்கும் தெறித்தது. பூம் விழுந்தது.

பாறை வண்டியின் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. கேபின் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. இசக்கி பதில் சொல்லவில்லை. வண்டியின் கருவி மட்டும் அவன் நாடித்துடிப்பை அனுப்புகிறது. இருக்கிறான். காற்று கசிகிறது.

நாள் 212 — 17:30

பாய் வந்துவிட்டார். இரண்டாம் எக்ஸ்கவேட்டர் என் வண்டியை உரசிக்கொண்டு நிற்கிறது. திட்டம் இது. அவர் பாறையை ஒரு முழம் தூக்க வேண்டும். நான் அடியில் ஊர்ந்து போய் அளவை வண்டியில் கொக்கி மாட்ட வேண்டும். விஞ்ச் கம்பிவடத்தைச் சுற்றி வண்டியை வெளியே இழுத்துவிடும். கேபினில் இருபது நிமிடக் காற்று.

தூக்கும் முன் கேட்டேன்.

நான்: "பாய், பூம் வால்வுல பொட்டு எப்படி இருக்கு?"

மஸ்தான் பாய்: "இரு, டார்ச் அடிக்கிறேன். அப்படியே இருக்கும்மா. நல்லா பளிச்சுன்னு செவப்பா இருக்கு."

பளிச்சென்று.

நாள் 212 — 17:33

வெளுத்திருக்க வேண்டிய பொட்டு. போன வாரம் அவருக்குக் காய்ச்சல், வண்டியை ஓட்டியது இசக்கி.

நான்: "பாய், நீங்க தொட்டீங்களா?"

மஸ்தான் பாய்: "அல்லா மேல சத்தியமா இல்ல. நான் ஏன் தொடப்போறேன்?"

நான்: "சொரண்டுங்க. அடுக்கு எத்தன?"

மஸ்தான் பாய்: "அடுக்கெல்லாம் இல்லம்மா. ஒண்ணுதான். அடியில வெறும் இரும்பு. பழச யாரோ சுத்தமா தொடச்சிட்டு வச்சிருக்காங்க."

வெளுத்த பொட்டின்மேல் புதியதை வைத்தால் ஓரம் தெரிந்துவிடும் என்று இசக்கி துடைத்திருக்கிறான். எத்தனை திருகு என்று தெரிந்த ஒரே ஆள் பாறைக்கு அடியில் பேச்சில்லாமல் கிடக்கிறான். அந்த வண்டியின் ஹோஸ் எத்தனை நாள் எவ்வளவு தாங்கியது என்பதும் அவனுக்குத்தான் தெரியும்.

என் வால்வைக் கழற்றி அதில் மாட்ட ஒரு மணி நேரம் வேண்டும். குத்துமதிப்பாகத் தளர்த்தி, அளவுக்கு மீறிப் போனால் பாறை எங்கள் இருவர் மேலும் உட்காரும். பதினைந்து நிமிடம் இருக்கிறது.

நாள் 212 — 17:36

பாயிடம் சொல்லிவிட்டேன். 350இல் பூம் தாழ்ந்தால் நல்லது, வால்வு சரியாக இருக்கிறது, நான் வேலையை முடிப்பேன். தாழாவிட்டால் அந்த ஹோஸும் எந்த நேரமும் போகலாம், எனக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார். தெரியவில்லை. அவனை ஆமை என்று எழுதியது நான்தான், அதை அழிக்காமல் போக மனம் வரவில்லை.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், பொட்டை நம்ப வேண்டாம். கைப்பம்பை எடுத்து அழுத்திப் பாருங்கள்.

உள்ளே போகிறேன். கருவி ஓடட்டும்.

நாள் 212 — 17:41

ஊர்கிறேன். வண்டிச் சட்டம் தெரிகிறது. கண்ணாடிக்குப் பின்னால் இசக்கியின் கை. விரல் அசைகிறது.

மஸ்தான் பாய்: "தூக்குறேன். முன்னூறு. முன்னூத்தி இருவது."

கொக்கி எட்டவில்லை. இன்னும் ஒரு சாண்.

மஸ்தான் பாய்: "ஜெசி, சின்னதா ஆடுச்சு. ஒனக்குத் தெரிஞ்சுதா? முன்னூத்தி அம்பது. அறுவது."

நான்: "பாய், எறங்குதா?"

மஸ்தான் பாய்: "முன்னூத்தி எண்பது. இல்லம்மா, ஒரு விரக்கடகூட எறங்கல. நல்லா நிக்குது. பயப்படாத, நல்லா கல்லு மாதிரி நிக்கு