ஆள் இல்லாத கம்பியில் முப்பத்து நான்கு

அறுநூற்று நாற்பது டிகிரியில் அடிவாங்கிய உலோகத்துக்கு எண்ணூறு என்று எழுதினார்கள். அண்ணாச்சி, நீர் இறந்துபோன பிறகு அந்தப் பொய்யை உம் தலையில் கட்டினார்கள். நடந்த அநியாயம் இதுதான்.

இன்று காலை பாளையங்கோட்டைச் சோதனைக் கூடத்தை நான்தான் திறந்தேன். ஏசி அறையில் இருபத்து நான்கு டிகிரி. வெப்பம் அளக்க நீர் கடைசியாகப் பற்றவைத்த கம்பி, எதையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டரைப் போட்டேன். இருபத்து நான்கு காட்டியது. பிறகு பைய ஏறி, முப்பத்து நான்கில் நின்றது.

அந்த எண் உமக்குத் தெரியும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் கம்பியின் நுனியை இரு விரலால் பிடித்து, வேலை செய்கிறதா என்று பார்ப்பீர். உம் விரலுக்கு முப்பத்து நான்கு. நான் பிடித்தால் முப்பதைத் தாண்டாது.

"உமக்கு என்ன வே, தவளைக் கையா? உசுரோடதான இருக்கீரு?" என்று சிரிப்பீர்.

நாம் சோதிப்பது நகம் அளவு உலோகத் துண்டு. அதை உலையில் பழுக்கவைத்து, இரண்டு நீளத் தண்டுகளுக்கு நடுவே காற்றுத் துப்பாக்கியால் அடிக்க வேண்டும். தண்டுகள் குளிர்ந்தவை, தொட்ட கணமே துண்டின் சூடு வடியத் தொடங்கும். அதனால் அடி விழுவதற்கு ஒரு இமைப்பு முன்புதான் அவை தொட வேண்டும். எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். அந்தப் பொய் எழுதிய நாளில் தண்டு முந்திக்கொண்டது. உலை எண்ணூறு காட்டியது. துண்டில் ஒட்டியிருந்த உமது கம்பி அறுநூற்று நாற்பது காட்டியது.

"உலை காட்டுனதையே போடுங்க அண்ணாச்சி, யாரு பாக்கப்போறா?" என்றார் கூடத்துப் பொறியாளர்.

"உலையையா வே அடிச்சோம்? துண்டத்தான அடிச்சோம்?" என்றீர்.

அவர் எண்ணூறு என்றே எழுதினார். சூடு குறைந்த உலோகம் அதிகம் தாங்கும். எண்ணூறில் அந்தப் பலம் இருக்காது. மறுமாதம் மாரடைப்பில் நீர் போனீர். அந்த எண்ணை நம்பிச் செய்த இயந்திரப் பாகம் சூட்டில் வளைந்தது. நீர் கம்பியைச் சரியாக ஒட்டாததால்தான் எண் தப்பானது என்று அறிக்கை தயாரானது. சாட்சிக் கையெழுத்து மட்டும் பாக்கி. அது என்னுடையது.

அதை வாங்கத்தான் பொறியாளர் இன்று வந்தார். மீட்டரைக் காட்டினேன்.

"கம்பி பழுதாயிருக்கும்."

"அப்படின்னா நீரே பிடிச்சுப் பாரும்."

பிடித்தார். முப்பத்து நான்கு அசையவில்லை. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "ஆரோ விரல தொட்ட மாதிரி இருக்கு," என்றார். காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் கையெழுத்துப் போடமாட்டேன். எண்ணூறு என்று எழுதிய கையாலேயே அவர் அதை அறுநூற்று நாற்பது என்று திருத்த வேண்டும். பாகம் செய்தவர்களிடம் கூடத்தின் தலைவர் நேரில் போய், தவறு உம்முடையது அல்ல என்று சொல்ல வேண்டும். மீதியுள்ள துண்டுகளை மறுபடி அடிக்க வேண்டும். கம்பியை நான் பற்றவைப்பேன். நுனியைப் பிடித்துப் பார்ப்பது உம்முடைய வேலை.